போரால் யாருக்கு லாபம்? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"போர் மட்டும் வராமல் இருந்திருந்தால் பெனிசிலினும் இல்லை, ஜெட் விமானமும் இல்லை" என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. படித்தவர்கள் பலரும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே பதில் எழுதுகிறேன்.

ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். ஜெட் எஞ்சினுக்கு ஃபிராங்க் விட்டில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1930இல். இரண்டுமே அமைதிக் காலத்தில் பிறந்தவை.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்திருந்தது. சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் ஆரம்பித்தார். ஆனால் இருந்த மருந்து அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைப் பிடித்துவைத்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்து மறுபடி அவருக்கே ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச்சில் இறந்துபோனார். இரண்டாம் உலகப் போரில், 1944இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோதோ காயம்பட்டவர்களுக்குக் கொடுக்க அந்த மருந்து தாராளமாக இருந்தது.

நீ இதைப் போரின் வரவில் எழுதுகிறாய். பூஞ்சையிலிருந்து மருந்தைப் பிரிப்பது லேசான வேலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிப்பாய் செத்தால் நஷ்டம் என்றதும் திறந்த கஜானா, சாதாரண மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் மூடியே கிடந்ததே! அந்த வெட்கக்கேட்டைப் போரின் பெருமையாக எப்படிச் சொல்வது? ராக்கெட்டும் அப்படித்தான். ஜெர்மனியின் வி-2 ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட, டோரா என்ற நாஜி வதைமுகாமில் அதைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டுச் செத்த கைதிகளே அதிகம்.

சரி, யாருக்குத்தான் லாபம்? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், போருக்கு முன் வந்ததைவிடக் கூடுதலாக வந்த லாபத்துக்கென்றே பிரிட்டிஷ் அரசு தனி வரி போட்டது. முதலில் 50 சதவீதம், 1917இல் 80 சதவீதம். பதுங்குகுழிச் சேற்றில் பையன்கள் செத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், வரி போட்டுப் பிடுங்க வேண்டிய அளவுக்குச் சிலருடைய கல்லா நிரம்பியிருக்கிறது. இதைப் போர் எதிர்ப்பாளர்கள் சொல்லவில்லை, போரை நடத்திய அரசின் வரிச்சட்டமே சொல்கிறது.

ஐசனோவரை நீ கோழை என்று சொல்ல மாட்டாய். நார்மண்டிப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய தளபதி அவர். அமெரிக்க அதிபரான பிறகு, 1953 ஏப்ரலில் கணக்கை அவரே போட்டுக் காட்டினார்: ஒரு நவீன குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டலாம். 1961இல் பதவியை விட்டுப் போகும்போது, ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து அரசின் முடிவுகளை வளைத்துவிடக்கூடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

போரின் கடன் யார் தலையில் விழுகிறது என்பதற்கு லாவோஸைப் பார். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகளில் சுமார் 8 கோடி வெடிக்காமலே மண்ணுக்குள் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். நிலத்தைக் கொத்தும்போது மண்வெட்டி படும், பந்து என்று நினைத்துக் குழந்தை கையில் எடுக்கும். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தக் குண்டுகளால் கையையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். குண்டு செய்தவருக்குப் பணம் அப்போதே கைக்கு வந்துவிட்டது, தம்பி.

எல்லாப் போரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்திருக்காவிட்டால், அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி போல் பாட்டின் கொலைகள் இன்னும் எத்தனை நாள் நீண்டிருக்குமோ. வியட்நாமும் தன் எல்லைக்காகவும் தன் அரசியலுக்காகவும்தான் போனது. ஆனாலும் அந்தப் படையெடுப்பால் உயிர்கள் பிழைத்தன, அதை மறுக்க எனக்கு வாய் வராது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கையைப் போல் பாட் தரப்புக்கே விட்டுவைத்தார்கள் அமெரிக்கா, சீனா போன்ற வல்லரசுகள். மனித உயிர்தான் அவர்களுக்குப் பெரிது என்றால் அப்படிச் செய்திருப்பார்களா? வீடு புகுந்து அடிப்பவனைத் தடுக்கக் கை ஓங்குபவனை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சாக்கில் மற்ற எல்லாப் போருக்கும் நீ நற்சான்றிதழ் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

போரால் வந்த நன்மை என்று நீ போட்ட பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை அனுபவித்தது யார், அதற்காகச் செத்தது யார் என்று எழுதி அனுப்பு. கம்போடியா விஷயத்தில் உனக்கு வேறு கருத்து இருந்தால் அதையும் தயங்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்