இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்கள் புகார் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்?

ஆசிரியருக்கு,

பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். தொலைத்தொடர்போ ஒன்றியப் பட்டியலில் 31-வது இனம். ஆகவே சட்டமன்றம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தாலும், தளத்தை முடக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசுதான் உத்தரவிட வேண்டும். முடக்கிய தளமும் பெயரில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டு மறுபடி முளைத்துவிடுகிறது.

பிடிக்க வேண்டியது பணம் போகும் வழியை. பணம் கட்டும் இடத்தில் நிறுவனப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபரின் யூபிஐ ஐடி வந்தால், அது பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்கு. இழந்தவர் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண், நேரம், தொகை மூன்றையும் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நேரம்தான் இங்கே எல்லாம்.

ஆனால் தமிழகத்தின் 2022-ம் ஆண்டுச் சட்டம் ஆடியவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பயந்தவர் எப்படிப் புகார் கொடுப்பார்? மத்திய அரசின் 2025-ம் ஆண்டுச் சட்டம் நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் மீதே பாய்கிறது. நம் சட்டமன்றமும் ஆடியவருக்கான தண்டனையை நீக்கித் திருத்தம் கொண்டுவர வேண்டும்.