டாங்கிள் பெட்டியில் லினக்ஸுக்கும் நாலு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாத பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற, லினக்ஸ் வகையைச் சேர்ந்த திறமூல (நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) இயங்குதளங்களுக்கு மாறி வருகிறார்கள். அவர்களில் ஃபைபர் இணைப்பு எட்டாத ஊர்க்காரர்கள் முதலில் திணறுவது, சிம் போட்டுக் கணினிக்கு இணையம் தரும் யூஎஸ்பி டாங்கிளைச் செருகும்போதுதான். கடையில் கேட்டால் ‘லினக்ஸில் இதெல்லாம் ஓடாது’ என்று ஒரே பேச்சாக முடித்துவிடுகிறார்கள். அது தவறு என்பதையும், அந்தத் தவறான எண்ணம் நீடிப்பதற்கு டாங்கிளை விற்பவர்களே பெரிதும் காரணம் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய வகை டாங்கிள்கள் பலவற்றைச் செருகியவுடன் அவை தம்மை மோடமாக, அதாவது இணைய இணைப்பை ஏற்படுத்தும் கருவியாக, காட்டிக்கொள்வதில்லை. திரையில் ஒரு சிடி தோன்றும். திறந்தால் விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு இருக்கும். விண்டோஸில் அந்த மென்பொருளை நிறுவியதும், ‘சிடி வேடத்தை விட்டு மோடமாக மாறு’ என்ற கட்டளையை அதுவே டாங்கிளுக்கு அனுப்பிவிடும். லினக்ஸில் அதே கட்டளையை அனுப்புவதற்கென்றே யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறிய நிரல் இருக்கிறது. மாற்றம் நடந்ததா என்பதை எவரும் கண்ணால் பார்த்துவிடலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்தால், ஹுவாவே டாங்கிள் முதலில் 12டி1:1446 என்பதுபோன்ற எண்ணோடு தெரியும். சில நொடிகள் கழித்து மறுபடி பார்த்தால், நிறுவனத்தைக் குறிக்கும் முன்பாதி அப்படியே இருக்க, பின்பாதி மாறியிருக்கும். மாறவில்லை என்றால் அந்த நிரலும் அதற்குரிய தரவுத் தொகுப்பும் கணினியில் இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இங்கேதான் எளிய மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். விடுபட்ட நிரலை நிறுவ இணையம் வேண்டும். இணையம் வர அந்த நிரல் வேண்டும். இதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், எந்த மென்பொருளும் நிறுவாமலேயே லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். அந்த ஒரு தடவை இணைப்பில் வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். அப்படியானால் கைபேசியே போதுமே, டாங்கிள் எதற்கு என்று கேட்பவர்கள், வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டோடு கிடக்கும் ஒரு டேட்டா சிம்தான் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆதாரம்.

மோடமாக மாறிய பிறகு எஞ்சிய வேலை சொற்பமே. நெட்வொர்க் அமைப்பில் மொபைல் பிராட்பேண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, நாட்டையும் சேவை நிறுவனத்தையும் சொன்னால், ஏபிஎன் எனப்படும், அந்த நிறுவனத்தின் இணைய நுழைவாயிலின் பெயரைப் பெரும்பாலும் அதுவே நிரப்பிக்கொள்ளும். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’ என்பவை வழக்கமான பெயர்கள். அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளியின்றித் தர வேண்டும். புதிய 4ஜி டாங்கிள்களில் ஒரு வகைக்கு இதுகூடத் தேவையில்லை. அவை கணினிக்கு ஒரு நெட்வொர்க் கார்டாகவே தெரிவதால், செருகியதும் இணைப்பு வந்துவிடும். மாற்றங்கள் வேண்டுமானால் உலாவியில் 192.168.8.1 போன்ற முகவரியைத் திறந்து செய்துகொள்ளலாம். லினக்ஸுக்கென்று புதிதாக டாங்கிள் வாங்குகிறவர்கள் இந்த வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத பழிகளும் அதன் தலையில் விழுகின்றன. ஜியோவில் 2ஜியும் 3ஜியும் தொடக்கம் முதலே கிடையாது. ஏர்டெல் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. அலமாரியில் கிடந்த 3ஜி டாங்கிளை எடுத்து ஜியோ சிம்மைப் போட்டால் எந்த இயங்குதளத்திலும் அது வேலை செய்யப் போவதில்லை. ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டி விற்கப்பட்ட டாங்கிள்களின் கதையும் இதுவே.

மத்திய அரசு தன் அலுவலகங்களுக்குத் திறமூல மென்பொருள் கொள்கையை 2015-இல் அறிவித்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்தே மாணவர்களுக்குத் தரப்பட்டது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அதன் பக்கமே போகவில்லை. அதில் நெட் வராது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்கள். வரும் என்று காட்டித்தர ஆளில்லை. நல்ல இயங்குதளம் ஒன்று கைக்கு வந்தும் அவர்களுக்குப் பயன்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆகவே டாங்கிள் விற்கும் நிறுவனங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. நான் பார்த்த பெட்டிகளில் விண்டோஸ், மேக் என்ற இரண்டு பெயர்களே அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே, கருவி மோடமாக இயங்குமா நெட்வொர்க் கார்டாக இயங்குமா, ஏபிஎன் என்ன, எந்தெந்த 4ஜி அலைவரிசைகளை ஏற்கும், பிற நிறுவன சிம்மை ஏற்குமா என்ற நான்கு விவரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டால் போதும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுகிறவர்களின் கையிலும் அதே விவரங்கள் இருக்க வேண்டும். ‘விண்டோஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்’ என்ற பதிலை இனியும் கேட்க நேரக் கூடாது.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பிளஸ் 1 கணினிப் பாடநூலில் உபுண்டு அறிமுகம் உண்டு. செய்முறைத் தேர்வுப் பட்டியலில் டாங்கிளை இணைப்பதையும் ஒரு பயிற்சியாகச் சேர்த்து, அதற்காகப் பள்ளிக்கு ஒரு டாங்கிளும் சிம்மும் வரும் கல்வியாண்டுக்குள் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.