விஜிக்கு, கார் வாங்குவதற்கு முன்

ஸ்ரீரங்கம்,
பிப்ரவரி 2026

அன்புள்ள விஜி,

ஐம்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது, பக்கத்தில் இருந்த என் மாமியார் "யாரு, அந்த சைக்கிள் விஜியா?" என்று கேட்டார். ஹாஸ்டல் நாட்களில் நீ பாளையங்கோட்டைக் கடையில் சைக்கிள் வாங்கிய கதையை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பெல்லுக்கும் கேரியருக்கும் தனி விலை சொன்னவனிடம் "பெல் இல்லாத சைக்கிளை நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாயே, அவன் தெருமுனை வரை ஓடிவந்து கூப்பிட்டானே! அந்த விஜிதான் கார் வாங்கப் போக வேண்டும். போன வாரம் என்னோடு பேசிய விஜி போகக் கூடாது. ஷோரூம் பையன் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறான், எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. 2024 ஏப்ரலில் என்னிடம் பேசிய பையனும் அப்படித்தான் பேசினான்.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. வங்கியில் இருபத்தேழு வருஷம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்தவள், தன் கையெழுத்தை எங்கே போடுகிறோம் என்று பார்க்கவில்லை.

டெலிவரி அன்று ஷோரூமில் வண்டி மேல் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கேக், மாலை, அட்டையில் செய்த ஒரு முழ நீளச் சாவி. என் வீட்டுக்காரர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் ஒரு பெண் கிளிப் அட்டையோடு வந்து "மேடம் இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினாள். பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். பிறகு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 3423 என்று இருந்தது. அது என்ன என்று என் தம்பி மகனிடம் கேட்டேன். "2023-ஆம் வருஷம், 34-ஆவது வாரம். டயர் தயாரான தேதி அத்தை" என்றான். ஆகஸ்ட் கடைசி. சரி, டயர் பழசாக இருக்கலாம், வண்டி புதுசாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு எலுமிச்சை மேல் வண்டியை ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து விற்பனைச் சான்றை எடுத்துப் பார்த்தேன். ஃபாரம் 21 என்பார்கள். அதில் உற்பத்தி மாதமும் வருஷமும் போட்டிருக்கும். 9/2023. ஏழு மாதம் எங்கோ யார்டில், விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கிற இடத்தில், வெயில் குடித்த வண்டி. நாளைக்கு விற்கப் போனால் 2023 மாடல் என்றுதான் விலை பேசுவார்கள். அதைச் சொல்லி முப்பது, நாற்பதாயிரம் குறைத்திருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன். சொல்லவே இல்லை. போய்க் கேட்டால், "அதுலதான் போட்டிருக்கே மேடம், நீங்க பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்கிறான், அதே மரியாதையோடு.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது இதுதான். முழுப் பணம் கட்டுவதற்கு முன், உன் பெயரில் பதிவு ஆவதற்கு முன், யார்டுக்கே போய் உனக்கு ஒதுக்கிய வண்டியைப் பார். சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடு, உற்பத்தி மாதத்தைக் கேள், கிலோமீட்டர் மீட்டரைப் பார். டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டிய வண்டியைக் கழுவித் துடைத்துத் தலையில் கட்டிய கதைகளும் உண்டு. பதிவு ஆகிவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் 'வேறு வண்டி கொடு' என்று கேட்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற மாதிரி.

இப்போது நீ அனுப்பிய கொட்டேஷனுக்கு வருகிறேன். நீ பார்த்திருப்பது 1197 சிசி பெட்ரோல் வண்டி, நாலு மீட்டருக்குள்தான் நீளம். போன செப்டம்பர் 22 முதல் அந்த ரகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு 28-ம் மேலே செஸ்ஸும் இருந்தது. அந்த வகையில் நீ அதிர்ஷ்டக்காரி. ஆனால் பையன் உன்னை ஒரு படி மேலே இழுக்கிறான் பார், "முப்பதாயிரம்தான் கூட, சன்ரூஃப் வருது" என்று. அங்கேதான் கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றியதிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. நீ ஆசைப்படுகிற 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600. முப்பதாயிரம் என்று அவன் சொல்வது உன் கையிலிருந்து போகும்போது எண்பத்தைந்தாயிரம். போதாக்குறைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள், விற்பவரே நம்மிடம் வாங்கிக் கட்டுகிற வரி. அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் இப்போது கையிலிருந்து கொடுக்க வேண்டும். தென்காசி வெயிலில் சன்ரூஃபை யாரடி திறக்கப் போகிறார்கள்? குற்றாலச் சாரலில் திறக்கலாம் என்பாய். வருஷத்துக்கு இரண்டு மாதம்.

அடுத்தது இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரில் வந்தது. நான் வாங்கியபோது 1000 முதல் 1500 சிசி வரைக்கும் அது 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே விலை. வித்தியாசம் எல்லாம் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான். எனக்கு ஷோரூமில் மொத்தம் 46,200 என்று எழுதினார்கள். அதே கம்பெனி, அதே ஜீரோ டெப் (கிளெய்மில் தேய்மானம் கழிக்காத கவர்), அதே இன்ஜின் கவர், நேரடியாக எடுத்தால் 33,900. "வெளியில் எடுத்தால் எங்க ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது" என்று பயமுறுத்தினான். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லைக் கம்பெனியே ஒர்க்‌ஷாப்புக்கு நேரடியாகக் கட்டுவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை எங்கே வாங்கினோம் என்பதை அல்ல. ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த ஒன்றில் மட்டும் நான் ஜெயித்தேன்.

அப்புறம் உன் வீட்டுக்காரரின் பழைய கார். அதில் ஐந்து வருஷமாக கிளெய்ம் எதுவும் இல்லை என்றாயே, அப்படியானால் ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டியோடு போவதில்லை, ஆளுக்குச் சேர்ந்தது. பழைய காரை விற்ற பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கிப் புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். புது வண்டியை யார் பெயரில் எடுப்பது என்பதை அதையும் பார்த்து முடிவு செய். ஷோரூமில் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

பழைய காரை விற்கும்போது பெயர் மாற்றம் முடியாமல் சாவியைக் கொடுத்துவிடாதே. நான் கொடுத்தேன். புரோக்கர் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு "ரெண்டு வாரத்துல மாத்திடுறேன் அக்கா" என்றான். எட்டு மாதம் கழித்து என் போனுக்குச் சலான் வர ஆரம்பித்தது. ஓசூர் பக்கம் ஓவர் ஸ்பீடு, சீட் பெல்ட் போடவில்லை, சிக்னல் ஜம்ப். நான் இங்கே சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்! அபராதம் போகட்டும் விடு. அந்த வண்டி யாரையாவது மோதியிருந்தால்? 2007-இல் விற்ற ஒரு கார் பல கை மாறி 2009-இல் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்சியில் பெயர் இருக்கிற பழைய சொந்தக்காரர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே போய் அந்தப் புரோக்கர் வாசலில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்தது.

கடனைப் பற்றி நீ கேட்டதற்கு நேரடியான பதில், ஏழு வருஷம் வேண்டாம். எட்டு லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள். ஐந்து வருஷமென்றால் மாதம் சுமார் 16,800, மொத்த வட்டி இரண்டு லட்சத்துச் சொச்சம். ஏழு வருஷமென்றால் மாதம் 13,075-தான், ஆனால் வட்டி ஏறக்குறைய மூன்று லட்சம். மாதம் மூவாயிரத்து எழுநூறு மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துத் தொண்ணூறாயிரம் கூடுதலாகக் கட்டுகிறோம். "எட்டு பர்சென்ட் ஃபிளாட்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி போடுவதுதான் ஃபிளாட். ஐந்து வருஷத்துக்கு ஃபிளாட் எட்டு என்றால் உண்மையில் 14-க்கும் மேல். இதை நான் கவுண்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள், நம்பு.

வாங்கிய பிறகு ஆகிற செலவையும் கேட்டிருந்தாய். பெட்ரோலைத்தான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள். என் வண்டி ஷோரூம் விலை 8,60,000. முதல் வருஷம் ஓடியது 6,200 கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிறது, அப்படியானால் பெட்ரோல் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குள். ஆனால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வண்டியின் மதிப்பில் இருபது சதவீதம் கழித்து 6,88,000 என்று போட்டார்கள். ஓடினாலும் நின்றாலும் 1,72,000 போனது போனதுதான். அதை 6,200-ஆல் வகுத்துப் பார், கிலோமீட்டருக்கு 27 ரூபாய்க்கு மேல். என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "இதுக்கு ஆட்டோவே வெச்சுக்கலாமே" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மாமியாருக்கு மூச்சு முட்டியபோது வாசலில் வண்டி நின்றதே, அதற்கு நான் விலை போட்டுப் பார்க்கவில்லை.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று 6,500 ரூபாய் போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் வண்டியை யார்டிலிருந்து கொண்டுவந்த செலவாம். கடைக்காரர் கடைக்குச் சரக்குக் கொண்டுவந்த செலவை நான் ஏன் கொடுக்க வேண்டும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். ஐந்தாவது வாரம் 6,500 என் கணக்குக்கு வந்துவிட்டது, ஒரு 'ஸாரி' கூட இல்லாமல். ஆனால் 18,000 ரூபாய் 'ஆக்சஸரீஸ் பேக்' வரவில்லை. அதற்கு நான் பென்சில் புள்ளியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மட்கார்டு, சீட் கவர், நாலு மேட், ஒரு பிள்ளையார். நீ சைக்கிள் பெல்லுக்கே சண்டை போட்டவள், உன் தோழியோ பதினெட்டாயிரத்துக்குப் பிள்ளையார் வாங்கியிருக்கிறாள்.

உற்பத்தித் தேதி விஷயத்தில் மட்டும் அவர்கள் அசையவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா என்று ஒன்றரை வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்திலிருந்து பத்து லட்சம் என்றால் கட்டணம் இருநூறு ரூபாய்தான். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பெரிய கம்பெனியை எதிர்த்து என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். டெல்லிக்காரர் ஒருவர் 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா, 2017-இல் விபத்தில் மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதவில்லை என்று கம்பெனி வாதாடியது. மோதலின் விசையைக் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, வண்டியையே மாற்றித் தரும்படி வந்த உத்தரவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விபத்திலிருந்து நாலரை வருஷம். அதுவும் உண்மைதான், நான் ஒளிக்கவில்லை. என்னுடையது அந்த அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. முப்பதாயிரம் கிடைத்தால் அதிகம். ஆனால் "பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்ற அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

மனுவை மூன்று பக்கம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஃபாரம் 21-இன் நகல், டயர் போட்டோ, பில், 1915-இல் கொடுத்த புகார் எண் எல்லாம் ஒரு ஃபைலில். ஏப்ரல் 19-க்குள் போட்டாக வேண்டும். மாசிக் கடைசியில் உன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் திருச்சி வருவாய் அல்லவா, ஒரு மத்தியானம் இங்கே வந்து அந்த மூன்று பக்கத்தையும் படித்துப் பார். எங்கே அழுமூஞ்சியாக இருக்கிறதோ அங்கே அடித்துவிடு. உன் கொட்டேஷனையும் கையோடு எடுத்து வா, அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வரும்போது தென்காசியிலிருந்து நல்ல நாட்டுக் கருப்பட்டி இரண்டு கிலோ. மாமியார் கேட்டார்.

அன்புடன்,
மல்லிகா