மனாங் வரைக்கும் ஜீப் வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சுற்றுக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பாவுக்குத்தான் கொஞ்சம் கலக்கம், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டதும் நல்லது. ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை. பெசிசஹாரில் ஜீப் ஏறி மறுநாளே மனாங்கில் இறங்குவதாகப் போட்டிருக்கிறாய். அதை மாற்று.

பெசிசஹார் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனாங் 3,540 மீட்டர். இந்த உயரத்தை ஒன்றரை நாளில் ஏறினால் உடம்பு என்ன செய்யும்? 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு. நீ தினமும் ஓடுகிறாய், தெம்பாக இருக்கிறாய், அதெல்லாம் சரி. ஆனால் உயரம் ஏறுவதால் வரும் மலை நோய்க்கு ஓட்டக்காரர் என்ற தயவெல்லாம் கிடையாது. நல்ல கால் பலம் உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே முதலில் வருவதும் உண்டு.

வழியில் வரும் சாமே என்ற ஊர் வரை ஜீப்பில் போ, அது 2,670 மீட்டர்தான். அங்கே ஒரு ராத்திரி தூங்கு. அங்கிருந்து நடக்கத் தொடங்கு. கீழே ரோட்டோரமாகவும் போகலாம், ஆனால் நீ மேல் பாதையைப் பிடி. மேல் பிசாங், கியாரு, ங்காவல், பிராகா, அப்புறம் மனாங். இந்த ஊர்களில் ஊருக்கொரு ராத்திரி தங்கினாலே மூச்சு தானாகப் பழகிவிடும். திரும்பும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட முடியுமா என்று இன்றைக்கே பார்.

உடம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தின் உயிரே அந்த நான்கைந்து ஊர்களில்தான் இருக்கிறது.

மேல் பிசாங்கிலிருந்து போனால் ஒரு தொங்குபாலம் வரும். அதைத் தாண்டியதும் கியாருவுக்குச் செங்குத்தான ஏற்றம், வளைந்து வளைந்து போகும். பத்து அடிக்கு ஒருமுறை நின்றுதான் ஏற முடியும். மேலே போய்ச் சேர்ந்தால் 7,937 மீட்டர் உயர இரண்டாம் அன்னபூர்ணா சிகரம் நேர் எதிரே நிற்கும், நடுவில் பள்ளத்தாக்கைத் தவிர வேறு எதுவும் இல்லாமல். ஊர் முழுக்கக் கல் வீடுகள், மேலே தட்டையான மண் கூரை. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டுக்கு முற்றம். கூரைக்குப் போக ஒற்றை மரத்தடியில் படி வெட்டிச் சாய்த்திருப்பார்கள். நாம் பயந்து பயந்து கால் வைக்கும் அந்தத் தடியில் எழுபது வயதுப் பாட்டி விறகுக் கட்டோடு ஏறிப் போவார்.

நான் அந்தப் பக்கம் போனபோது தங்கிய வீட்டில் சாயங்காலம் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். சுவர் அலமாரியில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வரிசையாக மின்னின. அடுப்புக்கு மேலே யாக் இறைச்சி கீற்றுக் கீற்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுத் தீதி (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பக்வீட் என்ற தானியத்தின் மாவில் கெட்டியாக ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தானியத்தை அங்கே ஃபாபர் என்கிறார்கள். பக்கத்தில் சின்னப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தீதி ரொட்டியைத் திருப்புகிற நேரத்தில் ஒரு கண்ணை அவள் நோட்டில் வைத்து, தப்பான இடத்தில் கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டினார். உன் அத்தை உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஜீப்பில் போகிறவர்களுக்கு அந்த அடுப்படி கிடைக்காது.

இந்த மக்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு போ. அந்தக் காலத்தில் மனாங் ஜனங்களுக்கு நேபாள அரசர்கள் தனி வியாபாரச் சலுகை கொடுத்திருந்தார்கள். அந்தக் குளிர்ப் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி பர்மா, சிங்கப்பூர் வரை சரக்கு கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஒதுங்கிக் கிடக்கும் ஊர், வெளி உலகம் தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு பேசாதே.

அறை வாடகை மிகக் குறைவாக இருக்கும். ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிடுவாய் என்ற கணக்கில்தான் அந்த வாடகை. அதனால் அறையில் பேரம் பேசாதே, சாப்பிட வேறு இடம் போகாதே. தால் பாத் கேள், சோறும் பருப்பும் மறுபடி மறுபடி போடுவார்கள். வழியில் மணிக் கற்சுவர்கள் வரும். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல அது உன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நட. கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

மனாங்கில் ஏறாமல் ஒரு நாளாவது தங்கு. அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறு மருத்துவமனை இருக்கிறது. சீசனில் பிற்பகலில் மலை நோய் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள், கட்டாயம் போய் உட்கார். அங்கே சொல்வதை இப்போதே மனதில் போட்டுக்கொள். தலை வலிக்கிறது, குமட்டுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அது மலை நோய்தான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஒரு அடிகூட மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடு ராத்திரி ஆனாலும் இறங்கிவிட வேண்டும். கணவாய்க்கு அடிவாரத்தில் இருக்கும் தோரோங் பேடியில் எங்களோடு தங்கிய ஒரு பையன் சாயங்காலத்திலிருந்து வாந்தி எடுத்தான். காலையில் சரியாகிவிடும் என்றான். அவனுடைய வழிகாட்டி ஒரு வாக்குவாதமும் செய்யாமல் அவன் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் கீழே இருக்கும் லேதர் ஊர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு இறங்கினார். அந்தப் பையன் பிழைத்ததற்குக் காரணம் அந்த மனிதர்தான் என்று நான் நம்புகிறேன்.

நீ கடக்க வேண்டிய தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான் இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று பலமாகும் என்பதால் விடியுமுன் கிளம்புவார்கள். ஆனால் பனி கொட்டினால் கிளம்பாதே. 2014 அக்டோபரில் நம் வங்கக்கடலில் வீசிய ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, அதன் மிச்சம் வடக்கே போய் அந்தக் கணவாய்ப் பக்கம் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மலையேற வந்தவர்களோடு வழிகாட்டிகளும் யாக் மேய்த்தவர்களும் இறந்தார்கள். அதே அக்டோபர் மாதத்தில்தான் நீயும் போகிறாய். நேரம் ஆகிவிட்டது, ஃப்ளைட் போய்விடும் என்ற அவசரம் உன் மனதில் இருக்கவே கூடாது. கையில் உபரி நாள் வைத்துக்கொள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகவும்தான். கடக்க முடியாமல் வந்த வழியே திரும்பினாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் இருக்கக் கூடாது.

கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஏறக்குறைய 1,600 மீட்டர் ஒரே இறக்கம். முட்டி கெஞ்சும், இரண்டு கைக்கும் தடி எடுத்துக்கொள். உன் பாட்டி வரிசையாகச் சொல்வாரே 108 திவ்ய தேசங்கள், அதில் வருகிற திருச்சாளக்கிராமம் இதுதான் என்று நம் வைணவர்கள் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம். கோயிலைச் சுற்றி 108 பித்தளைத் தாரைகளில் உறைய வைக்கும் தண்ணீர் கொட்டும். திபெத்திய பௌத்தர்களுக்கும் அதே இடம் புனிதம். பக்கத்து ஜ்வாலா மாயி சன்னதியில் தண்ணீர் ஓடும் இடத்திலேயே பூமி வாயு சின்ன நீலச் சுடராக எரியும். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் பௌத்தத் துறவிப் பெண்கள். பாட்டியின் பேரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொள். தாரைக்கு அடியில் குளிக்க ஆசைப்படாதே. கணவாய் ஏறி இறங்கிய அன்று உடம்பில் சூடே மிச்சம் இருக்காது. தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

மனாங்கை விட்டுக் கிளம்பும் அன்று எந்த ஊரில் தங்கப்போகிறாய் என்று ஒரு மெசேஜ் போடு. அதற்கு மேலே சிக்னல் வரும் போகும், எனக்குத் தெரியும். நீ பேசாத நாட்களில் அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். முக்திநாத் வந்ததும் பாட்டிக்கு முதலில் கூப்பிடு, அப்புறம் எங்களுக்கு.

அன்புடன்,
அம்மா