முதலில் மாடிக்குச் சுண்ணாம்பு, அப்புறம் சோலார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில், வீட்டு மாடியில் சோலார் பேனல் போடச் சொல்லி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் பேனல் போய் உட்காரப் போகிற அந்த மொட்டை மாடியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே என்று படித்து முடித்ததும் ஆதங்கமாக இருந்தது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில், எட்டு வீடுகள் உள்ள ஒரு சின்ன அடுக்குமாடியில் மேல்தளத்தில் குடியிருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனாலேயே குடியிருப்போர் சங்கக் கணக்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கத்திரி வெயிலில் மேல்தளத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும், கீழ்வீட்டுக்காரர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. மத்தியானம் மூன்று மணிச் சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்கு, தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமிருந்து காற்று சிலுசிலுவென்று வரும்போது, வீட்டுக்குள் ஃபேனைப் போட்டால் தோசைக்கல்லுக்கு மேலே விசிறுகிற மாதிரி இருக்கும். கான்கிரீட் தளத்தின் குணம் அது. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கிற நேரம் பார்த்துக் கீழே இறக்கும், ஃபேன் அதை அப்படியே நம் மேல் தள்ளும்.

இதற்கு எங்கள் தெருவே கண்டுபிடித்த வைத்தியம் ஏசி. தவணையில் கிடைக்கிறது, வாங்கிவிட்டோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இதே மாவட்டத்தில் நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எடுத்து, எரித்து, கரண்ட் ஆக்கி, கம்பி வழியே கொண்டுவந்து, சும்மா ஒரு வெள்ளைப் பூச்சு இருந்திருந்தால் உள்ளேயே வந்திருக்காத சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பா வீடு ஓ.டி.யில், அதாவது கடலூரின் பழைய நகரத்தில் இருந்தது. தெருவோடு ஒட்டிய திண்ணை, நடுவில் முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டோடு என்கிற தட்டை ஓடு பதிப்பார்கள். அந்த வீட்டில் மே மாத மத்தியானத்தில் கூடத்தில் வெறும் தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சரி, அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது, வாங்கியவர் இடித்துவிட்டார், அதை இப்போது பேசி என்ன.

அந்த நுட்பத்தில் பாதியாவது கான்கிரீட் காலத்திலும் இருந்தது. தளம் போட்ட பிறகு மேலே ‘வெதரிங் கோர்ஸ்’ என்று செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு ஒரு அடுக்கு, அதன்மேல் தட்டோடு. மழையையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். எங்கள் அடுக்குமாடியைக் கட்டியவர் அதைப் போடவே இல்லை, வெறும் சிமெண்ட் பூச்சோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பத்து வருஷம் கழித்து, ஒழுகுகிறது என்று பார்க்க வந்த மேஸ்திரிதான் சொன்னார்: “டீச்சர், ஒங்க வீட்டுக்கு மேல கொடையே இல்ல, தலையில வெயில் அடிக்காம என்ன பண்ணும்?” இப்போது புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாடுலர் கிச்சனில் எத்தனை டிராயர் என்று கேட்பதற்கு முன்னால், தளத்துக்கு மேலே என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்களுக்கு முழுவதும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வசதியில்லை. அதனால் மேஸ்திரி சொன்ன மலிவான வழிக்குப் போனோம். மாடியைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்ற வைத்து, உதிராமல் இருக்கக் கொஞ்சம் பெவிகால் கலந்து, இரண்டு கை வெள்ளை அடித்தோம். அவ்வளவுதான். முன்பெல்லாம் கூழ் வடகம் எடுக்க மூன்று மணிக்கு மாடிக்குப் போனால் செருப்போடு போய் ஓடி வர வேண்டும், இப்போது வெறுங்காலோடு நின்று நிதானமாக எடுக்கிறேன். வெள்ளை, வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கறுத்துப்போன சிமெண்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரியில் ஏசி வேண்டியதே இல்லை என்று சொல்ல மாட்டேன், பொய் ஆகிவிடும். ஆனால் படுக்கும்போது ஒரு மணி நேரம் போட்டுவிட்டு நிறுத்த முடிகிறது. முன்பு விடிய விடிய ஓடியது.

ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்தால் காசு தண்ணீரோடு போய்விடும், மாசியில் அடிக்க வேண்டும், வருஷா வருஷம் அடிக்கவும் வேண்டும். கையில் காசு இருப்பவர்கள் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒரேயடியாகப் பதித்துவிடலாம். அதுவும் உப்புக் காற்றிலும் பாசியிலும் கறுத்துவிடும், தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தால்தான் பலன்.

சுண்ணாம்பு அடிக்கச் சம்மதம் வாங்கியதுதான் பெரிய கதை. எட்டு வீட்டில் இரண்டு பேர் வெளிநாட்டில், மூன்று பேர் வாடகைக்கு இருப்பவர்கள். தரைத்தளத்து அண்ணன் கேட்டார்: “மாடி சூடானா உங்களுக்குத்தானம்மா சுடுது, நான் எதுக்குக் காசு குடுக்கணும்?” கேள்வியில் நியாயம் இருந்தது, எனக்குக் கோபம் வந்ததும் உண்மை. கடைசியில் மேல்தளத்து வீடுகள் பெரும்பங்கு போடுவது, மற்றவர்கள் ஒழுகலுக்காகக் கொஞ்சம் போடுவது என்று முடிந்தது. பசுமைக் கட்டடம் என்றால் ஏதோ கண்ணாடி மாளிகைக்குக் கொடுக்கிற சான்றிதழ் என்று நினைத்திருந்தேன், எங்கள் ஊரில் அது ஒரு தகர டப்பா சுண்ணாம்புக்கு எட்டுப் பேரைக் கையெழுத்துப் போட வைக்கிற வேலையாக இருக்கிறது.

அடுத்தது ஜன்னல். பழைய மர ஜன்னலைத் திறந்தால் முழுவதும் திறக்கும். இப்போது எல்லா வீட்டிலும் தள்ளு ஜன்னல், அது எப்போதும் பாதிதான் திறக்கும். ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று மத்திய அரசு 2018ல் வீடுகளுக்கென்றே ஒரு எரிசக்தி விதி வெளியிட்டது. நம்மைப் போன்ற புழுக்கமான கடலோரப் பகுதியில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. கணக்கு வீட்டுக்கு மொத்தமாகப் போடுவது, ஆனாலும் ஒரு அறைக்குப் போட்டுப் பாருங்கள். என் படுக்கையறை 120 சதுர அடி, அப்படியானால் 20 சதுர அடி திறக்க வேண்டும். இருப்பது நாலுக்கு நாலு தள்ளு ஜன்னல் ஒன்று, திறப்பது 8 சதுர அடி. அதிலும் கொசுவலை. கடல் காற்று வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. இந்த விதியைக் கட்டாயமாக்குவது மாநிலங்களின் கையில் இருக்கிறது, வரைபட அனுமதி கொடுக்கிற இடத்தில் ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நம்மால் முடியாது என்று சொல்கிறவர்கள் பாண்டிக்குப் போய்ப் பார்க்கட்டும், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதியை 1930களின் கடைசியில் ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைக்க, கட்ட ஆரம்பித்தார்கள். அதுவும் கான்கிரீட்தான். ஆனால் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், சுவருக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை திறந்து மூடுகிற பட்டைகள், தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவில் காற்று போக இடைவெளி. மேஸ்திரி சொன்ன குடை இதுதான். உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும், ஆனால் தெருவில் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். ஆரோவில்லில் 5 சதவீத அளவுக்கு மட்டும் சிமெண்ட் சேர்த்து, மண்ணை அழுத்திச் செய்த சுடாத கல்லில் மாடி வீடே கட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள், கடலூரிலிருந்து போன ஒரு கட்டடக்காரரை எனக்குக் காட்டுங்கள்.

இனி பில்லுக்கு வருகிறேன், கணக்கு டீச்சர் அல்லவா. பழைய ஃபேன் 75 வாட் வாங்கும், பிஎல்டிசி என்கிற புது ரக ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட், அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டைவிட அதிகம்! 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் தத்தளிக்கிற வீடுகளுக்கு இதன் அருமை தெரியும், அந்தக் கோட்டைத் தாண்டினால் முழு விகிதமும் மாறிவிடும். செட்டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டால், 10 வாட் என்று வைத்தால்கூட, இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். ஏசியை 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பது வெறும் நம்பிக்கை. ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, 2020லிருந்து புது ஏசிகள் 24ல்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ரிமோட் என் வீட்டுக்காரர் கையில் இருப்பதால் அந்த விதி இன்னும் அமலுக்கு வரவில்லை.

சோலாருக்கு வருவோம். 2024ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும், பேனல் நிழலால் தளமும் கொஞ்சம் குளிரும். எல்லாம் சரி. ஆனால் விற்க வருகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு ஓடுகிற சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெளியே கம்பியில் வேலை செய்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ‘தானே’ புயலில் 2011 டிசம்பரில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மாடியில் பேனல் இருக்க, கீழே மெழுகுவர்த்தியோடு உட்கார வேண்டி வரும் என்று தெரிந்துதான் போட வேண்டும். போடுகிற கம்பிச் சட்டமும் நம் ஊர்ப் புயலையும் உப்பையும் தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல், மாடி எட்டுப் பேருக்கும் பொது. யாருடைய பேனல் எங்கே என்று பேசி முடிப்பதற்குள் பேனலே பழசாகிவிடும். பொது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் சங்கமே போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, எங்கள் ஆட்களிடம் இப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பேனலுக்கு ஆள் வருகிறார்கள், ஏசிக்குத் தவணையோடு ஆள் வருகிறார்கள், சுண்ணாம்பு அடியுங்கள் என்று யாரும் வருவதில்லை, அதில் யாருக்கும் லாபமில்லை. அப்படிப்பட்ட வேலையை அரசுதான் எடுத்துச் செய்ய வேண்டும். 2014ல் பாண்டியில் பழைய குண்டு பல்பை வாங்கிக்கொண்டு எல்இடி பல்பை 10 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், என் தங்கை வீட்டில் அப்படி வாங்கியது ரொம்ப நாள் எரிந்தது. ஃபேனுக்கும் அது மாதிரி ஒன்று வரட்டும். தெலங்கானா 2023ல், கூரையில் வெயில் ஏறாமல் தடுக்கிற ‘குளிர்கூரை’க் கொள்கை கொண்டுவந்து அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் மாநகராட்சி, தன் பள்ளிக்கூட மாடிகளில் மட்டுமாவது மாசி மாதத்தில் வெள்ளை அடிக்க வேண்டும். மேல்மாடி வகுப்பில் மத்தியானப் பாடம் எடுத்தவள் நான், நாலாவது பீரியடுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைகள் தலையில் ஒன்றும் ஏறாது.

ஒரு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. வருகிற சித்திரையில் உங்கள் நிருபர் ஒருவரை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். பக்கத்து அடுக்குமாடி மாடியிலும் எங்கள் மாடியிலும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் நின்று பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும். மோர் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
மேல்தளத்து வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.