பண்டிகை விளக்குகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். புது வீட்டில் கொண்டாடப்போகும் முதல் பண்டிகைக்கு விளக்கு அலங்காரம் வாங்கக் கையில் பணமில்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. பணம் அனுப்பினால் நீ வாங்கிக்கொள்ள மாட்டாய் என்பதால், எனக்குத் தெரிந்த கைவேலையை எழுதுகிறேன். பேட்டரியில் எரியும் மெல்லிய எல்.இ.டி. சரம் இரண்டு மட்டும் வாங்கினால் போதும். மற்றவை எல்லாம் நீ குப்பையில் போடுகிற பொருள்கள்தாம்.

எல்.இ.டி. விளக்கை அப்படியே தொங்கவிட்டால் கண் கூசுமே தவிர, வீட்டுக்கு அழகு சேராது. வெளிச்சம் எதன் ஊடாக வருகிறதோ அதில்தான் அழகு இருக்கிறது. ஆகவே விளக்கை மறைக்கும் பொருளில்தான் உன் உழைப்பைக் காட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது தகர டப்பா விளக்கு. வெற்று டப்பாவில் ஆணி அடித்தால் தகரம் நசுங்கிவிடும். நீ பள்ளியில் படித்த நாளில் நாம் இருவரும் மூன்று டப்பாக்களை அப்படி வீணாக்கியது உனக்கு நினைவிருக்கும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, இரவு முழுவதும் உறையவைத்துவிட்டு அடித்தால் நசுங்காது. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவடைவதால், விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்திக்கொள். அப்படியும் அடிப்பாகம் சற்றுப் புடைத்தால், பனி உருகிய பின் மெதுவாகத் தட்டிச் சரிசெய்யலாம். காகிதத்தில் கோலத்தைப் புள்ளிகளாக வரைந்து டப்பாவைச் சுற்றி ஒட்டி, மடித்த துண்டின் மேல் கிடத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்து அடி. புள்ளிகள் மிகவும் நெருங்கினால் இடையிலுள்ள தகரம் கிழிந்துவிடும். நக அகலமாவது இடைவெளி வேண்டும். துளைகளின் உட்புறம் முள் முள்ளாக நிற்கும் என்பதால், சரத்தைத் தனியே உள்ளே திணிக்காமல், சிறிய கண்ணாடிக் குப்பியில் சுற்றி இறக்கினால் கம்பியின் மேலுறை கிழியாது.

கண்ணாடிச் சீசாவுக்கு இவ்வளவு வேலை இல்லை. மெல்லிய வண்ணக் காகிதத்தைக் கிழித்து வெளிப்புறம் பசையால் ஒட்டி, காய்ந்ததும் உள்ளே சரத்தைப் போட்டுவிடலாம். கத்தரித்த விளிம்பைவிடக் கையால் கிழித்த விளிம்பே ஒன்றோடொன்று நன்றாகக் கலந்து தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கத் தெரியுமாதலால், தனி எல்.இ.டி.களை வைத்தும் செய்யலாம். மூன்று 1.5 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும், வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதுமாகையால், ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்கச் சொல். எல்.இ.டி.யின் இரு கால்களில் நீளமானது நேர்முனை. மேசைப்பந்தில் சிறு துளையிட்டு எல்.இ.டி.யின் மேல் செருகினால் பந்து முழுவதும் நிலவுபோல் ஒளிரும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் சொல்வதைத் தட்டாதே, அம்மா. பழைய இழை பல்புச் சரம் சூடேறும். அதையோ மெழுகுவர்த்தியையோ காகிதம் ஒட்டிய எதனுள்ளும் வைக்காதே. நாணயம்போல் தட்டையான பொத்தான் பேட்டரியில் எரியும் சரமும் வேண்டாம். குழந்தை இப்போதுதான் தவழ்ந்து எதையும் வாயில் போடுகிறான்; அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். பெரிய பேட்டரி போடும் சரமாக, திருகாணியால் மூடும் பெட்டி உள்ளதாகப் பார்த்து வாங்கு.

பண்டிகை முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிவிடு. உள்ளேயே கிடந்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். சரத்தை ஓர் அட்டையில் சுற்றிவைத்தால் அடுத்த ஆண்டு சிக்கெடுக்க வேண்டியதில்லை.

முதல் டப்பாவை ஏற்றும்போது மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள். சுவரில் விழும் புள்ளிகளை அவன் பிடிக்கப் போவான். நீயும் அப்படித்தான் போனாய். அதை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா