ஜாக்கியைச் சுழற்றும் முன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நெடுஞ்சாலைப் பயணத்தில் கண்ட ஒரு காட்சி இக்கடிதத்தை எழுதவைத்தது. சாலையோரக் கோட்டை ஒட்டி நின்ற ஒரு காரில், வண்டிகள் பாயும் பக்கத்துச் சக்கரத்தை ஒருவர் மண்டியிட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பாதங்களும் கோட்டைத் தாண்டிச் சாலைக்குள் நீண்டிருந்தன. ஜாக்கி தூக்கிப் பிடித்திருந்த அந்தக் காரின் பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தனர். நட்டுகளைக் கழற்றுவதில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. கைப்பழக்கம் உள்ளவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. டயர் மாற்றத் தெரிந்தவர்களுக்குக்கூட, வண்டியை எங்கே நிறுத்துவது, எப்படி அசையாமல் வைப்பது என்று எவரும் சொல்லித் தருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஓடும்போது டயரில் காற்று இறங்கினால், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதன்பிறகு பெரும்பாலோர் ரிம் கெட்டுவிடுமே என்று அஞ்சி, நின்ற இடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். சமதளமான, மண் இறுகிய, பின்னால் வருபவர் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே தெரியக்கூடிய ஓர் இடம் வரும்வரை வண்டியை நடைவேகத்தில் உருட்டிச் செல்வதால் டயர் பாழாகலாம், ரிம்கூட வளையலாம். இரண்டையும் கடையில் வாங்கிவிட முடியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்தாலும், அதைப் பார்க்கும் ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்றே அதிகம். காரின் பின்பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்ட முக்கோணத்தால் என்ன பயன் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வளைவில் நிற்க நேர்ந்தால், முக்கோணம் வளைவுக்கு முன்பே இருக்க வேண்டும். பஞ்சரானது சாலைப் பக்கத்துச் சக்கரமாகவும் ஓரம் குறுகலாகவும் இருந்தால், டயர் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு, அனைவரும் மறுபக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழைப்பதே சரி. இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்து, என் சொந்த அனுபவம் ஒன்று. லேசான சரிவில் முன்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு, கியரில்தான் போட்டிருக்கிறோமே என்று நம்பியிருந்தேன். சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை வண்டி அசையவில்லை. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்தபோது, கார் ஒரு சாண் அளவு மெல்ல முன்னே நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, 'டொக்' என்ற ஓசையுடன் அந்த மூலை இறங்கி உட்கார்ந்தது. நல்லவேளையாக, கதவுக்குக் கீழே ஸ்டெப்னியைப் படுக்கவைத்திருந்தேன். வண்டி அதன்மேல் வந்து தங்கிவிட்டது. இல்லையென்றால் என் கை இருந்த இடத்துக்கே அது வந்திருக்கும். காரணம் பிறகுதான் விளங்கியது. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் அவற்றுள் ஒன்றைத் தூக்கிவிட்டால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் காரணமாக அந்தரத்தில் உள்ள சக்கரம் தாராளமாகச் சுழல, தரையில் உள்ள சக்கரமும் உருளத் தொடங்குகிறது. கியரும் ஆட்டோமேட்டிக் வண்டியின் 'பி' (பார்க்கிங்) நிலையும் அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் மிஞ்சுவது ஒற்றைச் சக்கரத்தின் பிடி. ஆகவே ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுத்து, கியரிலும் போட்டு, தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அதற்கு முன்பே இறங்கியாக வேண்டும்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய வண்டியில் முக்கிமுக்கி நட்டைத் திருப்புவது, வண்டியை ஜாக்கியிலிருந்து நாமே தள்ளிவிடுவதற்குச் சமம். ஜாக்கி பொருந்த வேண்டிய இடம் எது என்பது வண்டியின் கையேட்டில் படத்துடன் இருக்கும்; மண் இளகியிருந்தால் அடியில் ஒரு தடித்த பலகை தேவை. துருவால் சக்கரம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், ஜாக்கியில் நிற்கும் வண்டியை உலுக்கக் கூடாது. நட்டுகளை லேசாகத் திரும்பப் பூட்டி, வண்டியை இறக்கி, ஓரிரு அடி உருட்டினாலே பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். எந்த நிலையிலும் தலையோ காலோ வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

பூட்டும்போது நட்டின் கூம்பிய முனை சக்கரத்தை நோக்கி இருக்க, முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிர் நட்டுகளாக மாற்றிமாற்றி முறுக்கி, வண்டியை இறக்கிய பின் முழுமையாக இறுக்க வேண்டும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பதைப் பலர் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். ஒரு நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று கையேடு சொன்னால், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ எடையின் அழுத்தமே போதும். 70 கிலோ உள்ளவர் ஏறி நின்றால் போல்ட்டின் மரை இழுபட்டு, அடுத்த முறை நட்டு வெளியே வராமல் போகலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

இத்தனையும் செய்து, ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் போனால்? (ஸ்டெப்னி என்ற இந்தச் சொல், மாற்றுச் சக்கரத்தைத் தயாரித்து விற்ற வேல்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர், அது தொடங்கப்பட்ட தெருவின் பெயரும் அதுவே.) மற்ற நான்கு டயர்களுக்கும் காற்று நிரப்பும்போது ஐந்தாவதைக் கேட்பவர் குறைவு. ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவும் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு உள்ள வண்டியானால், அதன் சாவி வீட்டு அலமாரியில் அல்லாமல் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

ஓட்டுநர் பயிற்சி அளிப்போர், உரிமத் தேர்வுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு மாணவரையும் பட்டப்பகலில் ஒருமுறையேனும் தம் கையாலேயே சக்கரம் மாற்றவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாத பயிற்சி இது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்